மூச்சு விடும் குழி

“முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது குழி பச்சையா இருக்கு. ஒண்ணு மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?”

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். மேகம் வானத்தைப் பார்த்தார். பதில் தெரியாதபோது மட்டுமல்ல, தெரிந்தபோதும் அவர் பார்ப்பது அங்கேதான். கல்யாணப் போட்டோவில்கூட எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் மேகம்.

“உங்களைத்தான் கேக்கறேன். அந்தக் குழிக்குப் போற சொட்டுநீர்க் குழாயில வேற குச்சி வச்சு அடைச்சிருக்கு.”

“அது வந்து... மூச்சு விடற குழி.”

“என்னது?”

“மண்ணுக்கு மூச்சு வேணாமா? நானூறு குழிக்கு ஒரு குழி காலியா விட்டாத்தான் வேருக்கெல்லாம் காத்து போகும். அதுல தண்ணி விட்டா மூக்குல ஏறிடாதா?”

சொல்லிவிட்டு அவரே அசந்துபோனார். இவ்வளவு அழகான பொய் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவி மொட்டைக் குழியை ஒரு மரியாதையோடு பார்த்தாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அது சாதாரணக் கரும்புத் தோட்டமில்லை. வரிசையாகப் பார் பிடித்து நடாமல், வட்ட வட்டமாகக் குழி வெட்டி, தொழுவுரம் போட்டு, குழிக்கு இருபது கரணை, அதாவது விதைக்கரும்புத் துண்டு, சக்கரத்து ஆரக்கால் மாதிரி அடுக்கி மண் மூடிய தோட்டம். இப்படி நட்டால் கரும்பு தடிதடியாக வரும், விளைச்சல் கூடும் என்று பயிற்சி வகுப்பில் கரும்பு அதிகாரி சொல்லியிருந்தார். “குழி மூணடி அகலம். ஒரு விரல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று கறாராகச் சொன்னார். ஏன் மூணடி என்று யாரோ கேட்டதற்கு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “எல்லாம் அனுபவம்” என்றார்.

நிலம் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதன்மேல் அவள் அண்ணனுக்கு ஒரு கண். சரக்குக் கிடங்கு கட்டினால் ஜம்மென்று இருக்கும் என்று வரும்போதெல்லாம் சொல்வார். போன வருஷக் கரும்பு குச்சி குச்சியாக வந்ததும் மனைவி கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “இந்த ஒரு தடவைதான். ஆபீசர் வந்து பார்த்து, மாதிரித் தோட்டம்னு கையெழுத்துப் போட்டா நிலம் உங்க கையில. இல்லேன்னா அண்ணன் கிடங்கு கட்டிக்கட்டும்.”

நிலம் போனால் மேகத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால் நாற்பது நாளாக மாடாய் உழைத்தார். ஒரே ஒரு குழி விஷயத்தில்தான் கொஞ்சம் சறுக்கிவிட்டார்.

நடவு அன்று மத்தியானம் ஆட்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். தோட்டத்து நடுவில் இருந்த குழியில் மேகம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு சாய்ந்து பார்த்தார். அவ்வளவுதான், உலகம் காணாமல் போய்விட்டது. சாலைச் சத்தம் இல்லை, மோட்டார் சத்தம் இல்லை. சுற்றிலும் ஈரமண் வாசனை. தலைக்கு மேல் வட்டமாக ஒரு துண்டு வானம், அவருக்கென்றே வெட்டி வைத்த மாதிரி. அதில் ஒரு வெள்ளை மேகம் இந்த ஓரத்தில் நுழைந்து, நடுவில் வந்து கொஞ்சம் தயங்கி, அந்த ஓரத்தில் வெளியே போனது. அடுத்ததற்காகக் காத்திருந்தபோது தூங்கிப்போனார். தூக்கத்தில் கரும்பெல்லாம் வானம் வரை வளர்ந்து, தோகையால் மேகங்களைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எழுந்தபோது மனசு சின்னப் பிள்ளை மனசு மாதிரி லேசாக இருந்தது.

அந்தக் குழியில் கரணை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அரைமணி நேரம் அதில்தான் இருப்பார். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றார். அவரும் வட்டக்குழிதான் போட்டிருந்தார்.

“என்னங்க, மூச்சுக் குழின்னு ஒண்ணு இருக்காமே? உங்க வீட்டம்மா எங்க வீட்டுல சொல்லியிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“அதெல்லாம் பெரிய விஷயமில்லைங்க...”

“தன்னடக்கம் வேற! நான் காலையிலயே பத்துக் குழியைப் பிடுங்கிக் காலி பண்ணிட்டேன். ஒரு குழிக்கே நல்லதுன்னா, பத்துக் குழிக்கு எப்படி இருக்கும்!”

மேகத்துக்குப் பகீரென்றது. முளைவிட்ட இருநூறு கரணை! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

“மாப்ளே, இந்த மூச்சுக் குழி எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“வகுப்புல சொன்னாங்க மச்சான்.”

“அப்படியா? நாளைக்கு மத்தியானம் ஆபீசர் வர்றாரு. அவர்கிட்டயே கேட்டுடுவோம்.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்ணா. அவரே விளக்கமா சொன்னா நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்” என்றாள் அண்ணன் வண்டியிலேயே வந்திருந்த மனைவி, பெருமை பொங்க.

வசமாக மாட்டிக்கொண்டோம் என்று மேகத்துக்குப் புரிந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. பொழுது விடிந்ததும் விடியாததுமாக மண்வெட்டியோடு தோட்டத்துக்கு ஓடினார். இருபது குழிகளில் குழிக்கு ஒன்றாக முளைத்த கரணையைத் தோண்டி எடுத்தார். தன் குழியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு இருபதையும் ஆரக்கால் மாதிரி அடுக்கி மண்ணைப் போட்டு மூடி, குழாயில் இருந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தார்.

வெயில் ஏற ஏற, அந்த இருபதும் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தன. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார், இன்னும் தொங்கின. குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினார். இப்போது கைதூக்கி நிற்கவைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பத்தடி தூரத்தில் வருகிறவர் கண்ணிலும் அந்தக் குழிதான் முதலில் படும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் அளவு நாடா, தோளில் நாலாக மடித்த துண்டு. மளமளவென்று நாலு குழியை அளந்தார். “மூணடி. நல்லது. பயிரும் ஜோரா இருக்கு” என்றார். மேகத்துக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அதிகாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வர்ற வழியில பேசிக்கிட்டாங்க. ஏதோ ஒரு குழியைக் காலியா விட்டு வச்சிருக்கீங்களாமே? எங்க அது?”

திரும்பி வந்த பாதி உயிரும் போயே போய்விட்டது.

“காலியெல்லாம் இல்லைங்க ஐயா. இதோ, நட்டாச்சு.”

அதிகாரி அந்தக் குழியைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே வாடிப்போனது. “நட்டுட்டீங்களா...” என்றார்.

“காலையிலதான் நட்டிருக்காரு சார், மண்ணு இன்னும் காயலை. கேளுங்க சார், நல்லா கேளுங்க” என்றார் மச்சான்.

“அப்போ மூச்சுக் குழி?” மனைவியின் குரல் உடைந்தது.

அதற்குமேல் மேகத்தால் முடியவில்லை. “மூச்சுக் குழியுமில்லை, ஒண்ணுமில்லை. நான் படுத்துக்கறதுக்கு விட்டு வச்ச குழிங்க ஐயா. உள்ளே படுத்தா வானம் வட்டமா தெரியும். நல்லா தூக்கம் வரும். வாழ்க்கையில எனக்குன்னு நான் எதையும் கேட்டதில்லை, இந்த ஒரு குழிதான். அதுக்காகப் பொய் சொல்லிட்டேன். என் பொண்டாட்டியை விட்டுடுங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

மச்சான் கைதட்டிச் சிரித்தார். “தூங்கறதுக்குக் குழியாம்! கேட்டீங்களா சார்? கிடங்குக்கு எப்போ அஸ்திவாரம் தோண்டலாம், சொல்லு தங்கச்சி.”

அதிகாரி சிரிக்கவில்லை. மேகத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஃபைலில் ஏதோ கிறுக்கி, அதை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

நிலம் போச்சு என்று மேகம் நினைத்தார். அந்தக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் மேலே பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அழுகை வந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்கிட்ட சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றாள்.

“சிரிச்சிருப்பே.”

“சிரிச்சிருப்பேன். சிரிச்சா என்ன?”

கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அதிகாரி திரும்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலையும் தெரியவில்லை. மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “எங்க போனாரு மனுஷன்? பாம்பு கீம்பு கடிச்சிருக்குமோ?”

ஜீப்பில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த டிரைவர் நிதானமாக ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். “இதைப் பிடிங்கம்மா. ஐயா அப்பவே கையெழுத்துப் போட்டுட்டாரு.”

மாதிரித் தோட்டம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மனைவி இரண்டு தரம் படித்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “அந்த வாடினதையெல்லாம் முதல்ல பிடுங்கிப் போடுங்க, பார்க்கச் சகிக்கலை” என்றாள்.

மச்சானுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “கையெழுத்தா? அப்புறம் ஏன்யா உங்க ஆபீசர் மூஞ்சி அப்படித் தொங்கிப்போச்சு? பக்கத்துத் தோட்டத்துல போய் இவ்வளவு நேரம் என்னதான் ஆராய்ச்சி பண்றாரு?”

“பத்துக் குழி காலியா இருக்காமே, ஏதாவது ஒண்ணுல தூங்கிட்டிருப்பாரு” என்றார் டிரைவர், கடலைத் தோலை ஊதிக்கொண்டே. “முதல்ல ரெண்டரை அடியிலதான் குழி வெட்டிப் பார்த்தாரு. முட்டி இடிக்குதுன்னுதான் மூணடி ஆக்கினாரு.”