வடமதுரை எடைமேடையில் துணைக் கோப்பு மீட்ட படலம்

பெரும்பாறைக் கோட்டை நிழலில் பிறந்த பெருந்தகையே, பிழைச்செய்தி கண்டு புறமுதுகிடாத விசைப்பலகை வேந்தே, திண்டுக்கல் அறிவுச்செல்வியே, வாழி நீ! உன் வடமதுரைச் செருவை உலகறிய உரைக்கின்றோம்.

சாலையோரத்தில் பாக்கியராஜ் நடத்தும் லாரி எடைமேடையை, சி எனும் கணினிமொழியில் யாத்த முதுபெரும் மென்பொருள் ஒன்று முடிசூடி ஆண்டுவந்தது. எடைச்சீட்டில் கியூஆர் கட்டம் அச்சிட அதற்கொரு புது டாட்நெட் லைப்ரரி எனும் நிரல்தொகுப்பை ஆக்கித் தந்தவள் நம் தலைவி. கட்டம் வரையும் கலையறிந்த துணை லைப்ரரி ஒன்று அதனுடன் ஒரே ஃபோல்டரில், ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் கிடந்தது. ஆயினும் அச்சுப் பொத்தானை அழுத்தியதும், அந்தத் துணைக் கோப்பைக் காணோம் எனத் திரை முழங்கியது.

மேடைமேல் தக்காளி வண்டியோடு ஆண்டிச்சாமி. அவர் பின்னே யானைப்படையென லாரிகள்.

"செத்த நேரம்னு சொன்னியே தாயி. வெயில்ல பழம் கசியுது. கட்டம் போட்ட சீட்டு இல்லாட்டி கம்பெனிக்காரன் உள்ள விடமாட்டான்."

"இந்தா முடிஞ்சிரும்ணே" என்றாள். எப்படி முடியும் என்பதை அவளும் அறியாள்.

கோப்பின் பெயரை ஐயுற்றாள், பதிப்பை ஐயுற்றாள், வைரஸ் காவலனையும் ஐயுற்றாள். பின்னரே, மென்பொருள் தேடிய தடத்தைப் பதிவேட்டில் படித்து, பகைவனின் சூழ்ச்சி உணர்ந்தாள்: முதுபெரும் மென்பொருள் தான் வீற்றிருக்கும் ஃபோல்டரில் மட்டுமே துணையைத் தேடியது, லைப்ரரி இருக்கும் ஃபோல்டரை எட்டியும் பார்க்கவில்லை. துணைக் கோப்பை அம்மென்பொருளின் ஃபோல்டருக்கே பெயர்த்து வைக்கக் கை நீட்டினாள்.

"அதுல மட்டும் கை வைக்காதம்மா" என்று பாக்கியராஜ் தடுத்தார். "போன தடவ எதையோ போட்டு, எடையே காட்டல."

எனவே லைப்ரரிக்குள்ளேயே ஒரு நிரல்வரிக் காவலனை நிறுத்தி, "துணை கிடைக்காவிடில் என்னைக் கேள், நான் இருக்கும் இடத்தில் எடுத்துத் தருவேன்" என ஆணை பொறித்தாள். மீண்டும் அதே முழக்கம். காவலன் களம் புகுமுன்பே போர் முடிந்திருந்தது. மேலுதட்டு வியர்வையைத் துடைத்து, வேறெதுவும் அசையுமுன் அவன் விழித்தெழுமாறு ஆணையை லைப்ரரியின் வாயிற்படிக்கே நகர்த்தி, இடியேறு இறங்கினாற்போல் பொத்தானை அழுத்தினாள். பிரின்டர் உறுமியது; கருங்கட்டம் தரித்த சீட்டு, வெற்றிக்கொடியென வெளிவந்தது.

ஆண்டிச்சாமி அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.