பிரிட்ஜில் இருந்த குடல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரையை நம்பாத ஒரே மனிதர் எங்கள் கரைசல்தான். லேபில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே நம்பவில்லை. தலைவலி என்று யாராவது மாத்திரையைப் பிரித்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

"முழுங்கிட்டா ஆச்சா நைனா? வயித்துல கரையணும். கரைஞ்சது குடல் சுவத்தைத் தாண்டி ரத்தத்துக்குப் போவணும். பஸ்ல ஏறிட்டா ஊடு வந்துடுமா?"

கேட்டவனுக்குத் தலைவலி கூடும்.

டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் பட்டத்தால் அவர் பேச்சை ஒன்றும் செய்ய முடியவில்லை. கேன்டீன் டீயில் சர்க்கரையைப் போட்டுவிட்டுக் கலக்காமல் உட்கார்ந்திருப்பார். "வயித்துக்குள்ள யாரு ஸ்பூன் வுட்டுக் கலக்குறாங்க?" என்பார். கரையான்சாவடியில் ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தாத்தாவிடம், பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அடுத்த பந்திக்காரர்கள் பிரியாணி ஆறும்வரை நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது எங்களிடம் வலிப்பு நோய்க்கு ஒரு புது மருந்து இருந்தது. ஊசியாகப் போட்டால் எலிக்கு வலிப்பு நின்றது. வாய்வழி கொடுத்தால் நிற்கவில்லை. தண்ணீரில் கரையவே மாட்டேன் என்றது. அதை மாத்திரையாக்க முடியாவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிட்டு, கரைசலைத் திருமழிசை ஃபேக்டரிக்குப் பேக்கிங் பார்க்க அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. அவர் மருந்தை மாவாக அரைத்தார், எண்ணெயில் போட்டார், உப்பாக மாற்றினார். கடைசியில் வயிற்று அமிலம் போன்ற திரவத்தில் அது சுத்தமாகக் கரைந்தது. அன்று லேபுக்கே பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

அதைப் பார்க்க டைரக்டர் வந்தார். கத்திரி வெயில். மேனேஜர் ஓடிப்போய் பிரிட்ஜைத் திறந்து, ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். டைரக்டர் ஒரே மூச்சில் குடித்தார். பாட்டிலும் காலி.

"என்னய்யா, தண்ணி இப்படிக் கசக்குது?"

"இந்த ஏரியா தண்ணி அப்படித்தான் சார். ஃபில்டர் மாத்தச் சொல்லியிருக்கேன்" என்றார் மேனேஜர்.

கரைசல் காலி பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரொம்பக் கசந்துச்சா சார்?"

"ஆமா."

"அப்போ கரெக்டாதான் கலந்துகீறேன். அது குடல்ல இருக்கற தண்ணி சார்."

டைரக்டர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "யாரோடது?"

"பொதுவானது சார். பித்த உப்பெல்லாம் போட்டு நானே செஞ்சது. ஒன்னியும் ஆவாது. உங்க உள்ளயும் அதான் ஓடிகினு கீது."

கண்ணாடிக் குப்பி கேட்டு எழுதினால் வந்துசேர மாதக்கணக்காகும். அதனால் பரிசோதனைக்கான செயற்கைக் குடல்நீரை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அவர் வழக்கம். அன்றைய அடுத்த சோதனைக்கு வைத்திருந்ததைத்தான் டைரக்டர் குடித்திருந்தார்.

டைரக்டர் பெரிய மனுஷர். வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, அது இல்லாட்டி என்ன? வயித்துல கரையுதில்ல, போதும். வேலையைத் தொடருங்க" என்றார். மேனேஜர் கைதட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போதாது சார். வயித்துல கரைஞ்சது குடலுக்கு வந்ததும் இன்னா ஆவுதுன்னு பாக்கணும். உக்காருங்க, வேற கலந்துகினு வந்துடறேன்" என்றார் கரைசல்.

"சார், அவரே ஓகே சொல்லிட்டாரு, விட்டுடுங்க" என்று காதோரம் கெஞ்சினேன்.

"வலிப்பு வர்ற கொழந்தைக்கு யாரு நைனா ஓகே சொல்றது?"

புதிதாகக் கலந்து எடுத்துவந்து, அமிலத்தில் கரைந்து தெளிவாக இருந்த மருந்தில் ஊற்றினார். பீக்கரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். டைரக்டரும் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அடியில் லேசாக வெள்ளை படர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீக்கர் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர்.

"மறுபடி தூளாயிடுச்சு சார். ரத்தத்துக்குப் போவாது" என்றார், வேறு யாருடைய மருந்தையோ பற்றிச் சொல்வதுபோல. பிறகு பீக்கரைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

பிரிவை மூடினார்கள். அவர் திருமழிசைக்குப் போனார், நான் வேறு கம்பெனிக்கு. ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போதெல்லாம், இதைச் செய்த இடத்திலும் ஒரு கரைசல் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.