திரும்பி விழுமா, தப்பிப் போகுமா?

நேரே பார்ப்பதை அநாகரிகமாகக் கருதும் ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பெயர், வானியலாளர். உட்பிரிவு, வாயு ஆசாமி. வைத்தியர் என்று நினைத்து ஏப்பத்தோடு இவரிடம் போய் நின்றுவிடாதீர்கள். பல கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்களிலிருந்து வெளியேறும் வாயுவை அளப்பதே இவர் தொழில்.

அந்த வாயுவை இவர் பார்த்திருக்கிறாரா? சேச்சே! மண்டலத்துக்கும் பின்னால், இன்னும் தொலைவில், குவேசார் என்றொரு பிரகாசப் பேர்வழி எரிந்துகொண்டிருக்கும். அதன் ஒளி வரும் வழியில் வாயு எந்த நிறத்தைக் கொஞ்சம் விழுங்கியிருக்கிறது, விழுங்கிய இடம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கணினித் திரையில் ஓடும் ஒளிக்கோட்டில் பள்ளம் பள்ளமாகத் தேடி, வாயு எவ்வளவு, என்ன வேகம், மண்டலத்துக்கே திரும்பி விழுமா, ஒரேயடியாகத் தப்பிப் போகுமா என்று அடித்துச் சொல்வார். சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் வம்பு.

ஏனென்றால், வீட்டுக்கும் இதே முறைதான். மனைவி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதைச் சுவரில் விழுந்த நிழலை வைத்தே கண்டுபிடித்தார். கண்டுபிடித்து முடிப்பதற்குள் முடி பழையபடி வளர்ந்துவிட்டது.

ஒரு மாலை அந்த அம்மாள் கையில் பெட்டியோடு, அறை மூலையில் எரிந்த விளக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

நம்மவர் பார்வை திரையிலிருந்து விளக்குக்குப் போயிற்று. வழியில் அம்மாள்மேல் படவில்லை.

"கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நில்லும்மா. ஓரம்தான் தெரியுது."

"போகாதேன்னு ஒரே வார்த்தை, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. இருந்துடறேன்."

"பதறாதே. வேகம் கம்மிதான். இந்த மாதிரி கிளம்புறது பெரும்பாலும் திரும்பி வந்து விழுந்துடும்."

"எப்போ?"

"நூறு கோடி வருஷம். முன்னே பின்னே ஆகலாம்."

அம்மாள் விளக்கை அணைத்தார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பின்னால் ஒளி இல்லையென்றால் முன்னால் இருப்பதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். ஆகவே இருட்டில் உட்கார்ந்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு முறைப்படி அறிவித்தார்: "வெளியேற்றம் எதுவும் தென்படவில்லை."

சிரிப்பு வருகிறதா? வரட்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஏதோ கேட்டார். தலையை நிமிர்த்தாமலே "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்? தெரியாவிட்டால் பரவாயில்லை, நிழலை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிழல் இன்னும் அங்கே இருந்தால்.