நாப்பதெழுத்துக்காரர்

திருப்பூரில் என் வாயை அடைத்த ஒரே மனிதர் எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர்க்காரர்தான். என் மனைவிகூட அந்த முயற்சியை முதல் வருஷமே கைவிட்டுவிட்டாள்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் சொல்வதைத் தையல் பிரிவுக்குக் கொண்டுசேர்ப்பது என் வேலை. காகிதத்துக்குப் பதிலாக அதற்கொரு கம்ப்யூட்டர் படிவத்தை உருவாக்கியவர் அந்த சாஃப்ட்வேர்க்காரர். அதில் 'குறிப்பு' என்றொரு பெட்டி. நாற்பது எழுத்துக்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறாது. மீறித் தட்டினால் கம்ப்யூட்டர் எருமைக்கன்று மாதிரி கத்தும். திரையில் 'போதுமுங்க' என்று வரும். மரியாதையாகத் திட்டும் கம்ப்யூட்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆபீஸ் அவருக்கு 'நாப்பதெழுத்து' என்று பெயர் வைத்துவிட்டது.

முதலாளிக்கும் சலுகை கிடையாது. அவர் ஒருமுறை அந்தப் பெட்டியில் வாழ்த்து அனுப்பினார். எங்களுக்கு வந்தது, 'அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகளுடன் உங்கள் அன்புள்ள மு'.

நானோ 'நலம், நலமறிய ஆவல்' பரம்பரை. என் மேஜையில் கன்று நாள் முழுக்கக் கத்தியது. பொறுக்க முடியாமல் அவரிடம் போனேன்.

"ஏனுங்க, மனுசன் நாலு வார்த்தை சேர்த்து எழுதக் கூடாதுங்களா?"

"தாராளமா எழுதலாமுங்க. ஊட்டுக்குப் போய் எழுதுங்க."

"டேட்டாபேஸுல எடமில்லீங்களா?"

"அதுல ஊரையே வைக்கலாமுங்க. படிக்கறவங்க மண்டையிலதான் எடமில்லீங்க."

அப்போது கைக்குழந்தைகளுக்கான சட்டை ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுங்கிவிடும், பொத்தானுக்குப் பதில் நாடா வையுங்கள் என்று கடைசி நேரத்தில் பையர் சொன்னார். நான் வணக்கத்தில் ஆரம்பித்தேன். கன்று கத்தியது. அழித்தேன். மறுபடி கத்தியது. வெறுத்துப்போய், 'பொத்தான் வேண்டாம். நாடா மட்டும்' என்று தட்டிவிட்டேன்.

உடனே தையல் மாஸ்டர் போன் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"சார், பொத்தான் மிசினை ஓடவிடப் போனேன், நல்லவேளை உங்க குறிப்பப் பாத்தேன். நிறுத்தியாச்சு. பழையபடி காயிதம் காயிதமா எழுதியிருந்தீயன்னா சாயங்காலந்தான் படிச்சிருப்பேன். எந்தப் புள்ள தொண்டையில போயி நின்னிருக்குமோ!"

அன்றோடு என் வழக்கை வாபஸ் வாங்கினேன்.

லீவு கேட்கும் படிவத்திலும் அதே பெட்டிதான். ஒரு மதியம் அம்மா இருக்கும் பொங்கலூரிலிருந்து போன் வந்தது. 'அம்மாவுக்கு நெஞ்சு வலி' என்று தட்டினேன். இடம் மிச்சமிருந்தது, விரல்தான் ஓடவில்லை. அனுப்பிவிட்டுத் திரும்பினால், அதைப் படித்துவிட்டு நாப்பதெழுத்து கார் சாவியோடு நிற்கிறார்.

"வாங்க. வண்டி ஓட்டற நெலமையில நீங்க இல்லீங்க."

வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஓடியதும் அவர்தான்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய அன்று மறுபடி வந்தார். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல்! இவர் ஒருமுறை பெண் பார்க்கப் போனபோது வழிதவறி வேறு வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் தந்த பஜ்ஜியை எல்லாம் தின்றுவிட்டு, "பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாராம். அந்த வீட்டில் பெண்ணே இல்லையாம்.

"மெதுவாச் சொல்லு கண்ணு, சிரிச்சா நெஞ்சு வலிக்குது" என்றாள் அம்மா.

மருந்துப் பையோடு நான் வாசலிலேயே நின்று, அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.