சோப்புப் பெட்டி ராடார்

கேக் டப்பாவின் மூடியில் கை வைத்த நொடியில் போன் அலறியது.

"அப்பா, ஃப்ரிட்ஜ் பக்கத்துல என்ன வேலை?"

மகன்தான். வேறு ஊரிலிருந்து. ராடார்காரர் டப்பாவைப் படக்கென்று உள்ளே தள்ளினார்.

"தண்ணி குடிக்க வந்தேன்டா."

"சாக்லேட் கேக் டப்பாவுலயா தண்ணி இருக்கு? டாக்டர் கத்தினது மறந்துபோச்சா?"

விமான நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ராடார் திரையை முறைத்துப் பார்த்தே கண்ணாடி போட்டவர் அவர். ஓய்வுபெற்ற பிறகு தன்னையே ஒரு ராடார் வேவு பார்க்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. போன மாதம் தலைசுற்றி விழுந்தார். பயந்துபோன மகன், ஆள் அனுப்பி ஹால் கூரையில் சோப்புப் பெட்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்றை மாட்டிவிட்டான். மூச்சைக்கூட எண்ணுமாம்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் காலத்து ராடார் ஒரு வீட்டு அளவு இருக்கும். ஆன்டெனா சுற்றிச் சுற்றி அலையை வீசும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கும். அது விமானமா, காக்காய்க் கூட்டமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி என்னடாவென்றால் கேக் என்ன ரகம் என்றே சொல்கிறது!

"எந்த ராடாருக்கு எங்க கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பக்கத்து அறையில் மனைவியின் மதியக் குறட்டை சீராகக் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது.

அந்தக் காலத்துச் சண்டைகளில் விமானங்கள் வெள்ளித்தாள் துண்டுகளைத் தூவிவிட்டுத் தப்பிக்கும். ராடார் திரை முழுக்கப் புள்ளியாகிவிடும். சமையலறை வெள்ளித்தாளைக் கத்தரித்து மின்விசிறியில் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் ஹாலே சரசரவென்று ஜொலித்தது. ஒரு துண்டு வாயில் ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது.

"அப்பா, ஃபேன்ல என்ன அலங்காரம்? யாருக்குக் கல்யாணம்?"

ஆடிப்போனார். வெள்ளித்தாளையே இனம் கண்டுபிடிக்கிறதா!

சரி, அடுத்த வழி. அசையாத மலையையும் கட்டடத்தையும் ராடார் கழித்துவிடும். இல்லாவிட்டால் எதைத்தான் காட்டுவது? ஆகவே அசைவதே தெரியாமல் நகர்ந்தால் தானும் ஒரு பீரோதான். ஒரு காலைத் தூக்கினார். அரை அங்குலம் நகர்த்தினார். மூச்சை அடக்கினார். பாதி ஹாலைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

போன்.

"எதுக்கு ஒத்தைக் கால்ல தவம் இருக்கீங்க? விழுந்து வைக்கப் போறீங்க!"

"யோகாடா!" என்று பல்லைக் கடித்தார்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ராடாரை ஏமாற்றும் விமானங்களின் உடம்பெல்லாம் சாய்வு சாய்வாக இருக்கும். பட்ட அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறிவிடும். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைச் சாய்வாக வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, தலை முதல் முழங்கால் வரை மாட்டிக்கொண்டார். கண்ணுக்கு ஓட்டை போட மறந்துவிட்டார்.

நாலே எட்டு. நாற்காலி, மேஜை, ஃப்ரிட்ஜ் என்று வரிசையாக மோதி, ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொள்ள, கேக் டப்பாவோடு தரையில் உருண்டார். எழவும் முடியவில்லை, பெட்டியிலிருந்து கையை உருவவும் முடியவில்லை.

குறட்டை சட்டென்று நின்றது. கையில் போனோடு மனைவி ஓடி வந்தாள்.

"அய்யய்யோ! அடிபட்டுதாங்க?"

அதே நேரம் வாசல் மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். கூரையில் சோப்புப் பெட்டியை மாட்டிவிட்டுப் போன அதே மெக்கானிக். அவனும் அவளுமாகப் பிடித்து இழுத்து ராடார்காரரை வெளியே எடுத்தார்கள். காது வரை கேக். ஆனாலும் தோற்றவரின் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

"தம்பி, எத்தனையோ ராடார் பாத்தவன் நான். இப்படி ஒண்ணை எங்கயும் பாத்ததில்ல. என்னமா வேலை செய்யுது!"

மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி கூரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு மாட்டினது வெறும் கூடுதாங்களே ஐயா. உள்ள வைக்கிற ராடாரை இப்பத்தான் கொண்டு வரேன்."

மனைவி கையிலிருந்த போனை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.