மைக்கும் மௌனமும்

எவர்சில்வர் பாத்திரம் ஒன்று அலமாரியிலிருந்து நழுவி, மூடியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் விழுந்தது. பாத்திரமாவது விழுந்த இடத்தில் கிடந்தது. மூடிதான் கூடம் வரை உருண்டு போய், அங்கே ஒரு தனிக் கச்சேரி நடத்திவிட்டுத்தான் அடங்கியது.

மைக் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். சத்தம் போட்டது பாத்திரம். வாயைப் பொத்தியது அவன். பழக்கதோஷம்.

கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு மூடிய கதவு. அதற்குப் பின்னால், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி லேபில் கண்விழித்து வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார். குடி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மைக் ஓடிப்போய்க் கதவருகே நின்று, தன்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னான்.

"சாரி சார்! பாத்திரம் விழுந்துடுச்சு! நீங்க தூங்குங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டிலிருந்து யாரோ, "சரி, சரி!" என்று பதில் சொன்னார்கள்.

கதவுக்கு உள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அவனுக்கு மைக் என்று பெயர் வந்தது வேலையினால். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பான். ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டு வெறும் தொண்டையாலேயே சொல்வான். பயணிகளுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தத் தொண்டையை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? முதலில் கூடத் தங்கியவன் பரீட்சைக்குப் படிக்கிறவன். மைக் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, படித்ததெல்லாம் மறந்துபோய், மைக்குடைய அக்கா வீட்டு விவகாரம் மட்டும் மனப்பாடமாகிவிட்டது என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்து வந்தவர் துணிக்கடை விற்பனையாளர். அவர் பாவம், ஒருநாள் மைக் தூக்கத்தில், "வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அறிவித்ததைக் கேட்டு, பாதித் தூக்கத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். போனவர் போனவர்தான்.

வீட்டுக்காரம்மாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, இது ரெண்டு பேருக்கான வீடு. ஒத்த ஆளுக்கு விடமாட்டேன். அடுத்து வர்றவரும் உன் சத்தத்துக்குப் பயந்து ஓடினார்னா, அவர் பின்னாடியே நீயும் கிளம்பிடு."

இந்த ஊரில் வேறு வீடு தேடுவதென்பது கடலில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போல. அந்தச் சமயத்தில் வந்தவர்தான் லேப்காரர். ஒல்லியான உடம்பு. கதவைத் தட்டினாரா, தடவினாரா என்று தெரியாத அளவுக்கு ஒரு தட்டு.

"எனக்கு ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்கணும். சத்தம் மட்டும் ஆகாது," என்றார்.

"சத்தமா? இந்த வீட்லயா?" என்று மைக் கேட்டதில் அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஆனாலும் சாவி வாங்கிக்கொண்டார். பெட்டியை உள்ளறையில் வைத்தார். கதவைச் சாத்தினார். "டியூட்டிக்கு நேரமாச்சு," என்று படியிறங்கிப் போனார். அந்தப் படிகளில் காலடி ஓசை கேட்கிறதா என்று மைக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லாமல் போயிற்று. மைக் வேலையிலிருந்து திரும்பும்போது லேப்காரர் டியூட்டிக்குப் போயிருப்பார். விடியும் நேரத்தில் பூட்டுத் திறக்கும் ஓசை ஒன்று வரும். எதிர்வீட்டுப் பூட்டோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிய ஓசை. அவ்வளவுதான் அவர் வரவு.

ஆனால் அந்த மனிதரின் ஒழுக்கம்! குளியலறைத் தரையில் அவர் குளித்ததற்கு ஒரு சொட்டு ஈரம் இருக்காது. சோப்பு கரையாது. அடுப்படியில் ஒரு டம்ளர் இடம் மாறியிருக்காது. ஒருநாள் மரியாதைக்கு அவர் கதவருகே ஒரு தட்டில் ஆப்பிள் பழங்களை வைத்துவிட்டுப் போனான். மாலையில் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி. மறுநாளும் அப்படியே. தோல் சுருங்கி வாடும்வரை அந்தக் கை அதைத் தொடவில்லை.

"அடுத்தவங்க பொருளை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன்," என்று ரயில் நிலையத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான் மைக்.

டிக்கெட் கவுண்டர்க்கார அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "உன்கூட ஒரே வீட்ல இருந்தும் இன்னும் ஓடாம இருக்காரா?"

"ஆமாக்கா."

"அப்ப அவர் மனுஷன் இல்லடா. மகான்."

பாத்திரம் விழுந்த அன்று, மகானின் தூக்கத்தைக் கெடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக, அலமாரித் தட்டுகளில் எல்லாம் பழைய துணியை விரித்து வைத்தான். இனி எது நகர்ந்தாலும் ஓசை வராது. ஓசை வரவில்லைதான். துணியின் ஒரு முனை தொங்கி அடுப்பைத் தொட்டது. கூடம் முழுக்கப் புகை.

மைக் ஈரச் சாக்கால் தீயை அடித்து அணைத்தான். இருமிக்கொண்டே கதவருகே ஓடினான். "ஒண்ணுமில்ல சார்! தீ அணைஞ்சிடுச்சு! பயப்படாதீங்க! தூங்குங்க!"

எதிர்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். மேல்மாடியில் இருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கே போய்விட்டார்கள். அந்த ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வாளியோடு நின்று அந்தக் கதவையே பார்த்தார். "உள்ள ஆள் இருக்காரா?"

"தூங்கறார்."

"இந்தக் கலவரத்துலயா?"

"அவர் அப்படித்தான்," என்றான் மைக். சொல்லும்போது அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. தீ எரிகிறது, ஊர் திரள்கிறது, அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்பேர்ப்பட்ட பொறுமை!

அவர் அவ்வளவு பொறுக்கும்போது தான் எவ்வளவு அடங்க வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு. முதல் வேலையாக அலாரத்தை நிறுத்தினான். அலாரம் இல்லாமல் தூங்கிப்போய் வேலைக்குத் தாமதமானான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். காலின் கட்டைவிரலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கீழே தொங்கவிட்டான்.

"விடிஞ்சதும் மெல்ல ஒரு இழுப்பு இழுத்து விடுங்கண்ணே," என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டான்.

வாட்ச்மேன் கடமை தவறாதவர். மெல்ல இழுத்தார். மைக் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். மைக் கனவில் யாரையோ உதைத்தான். கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்த வாட்ச்மேன், கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்தார். மைக் கட்டிலிலிருந்து விழுந்தான். பக்கத்திலிருந்த நாற்காலி விழுந்தது. நாற்காலி மேலிருந்த தண்ணீர்க் குடமும் விழுந்தது.

கீழிருந்து வாட்ச்மேன் கத்தினார். "சார்! எந்திரிச்சாச்சா?"

பதில் சொல்லாவிட்டால் மறுபடி இழுப்பார். வேறு வழியில்லை.

"எந்திரிச்சாச்சூ!" என்றான் மைக். கட்டடமே எழுந்துகொண்டது.

அந்தக் கதவு மட்டும் சலனமில்லாமல் நின்றது. மைக் நனைந்த சட்டையோடு அதன் முன்னால் போய் நின்றான். கையெடுத்துக் கும்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். மலை மேல் மழை கொட்டினாலும் மலை ஏதாவது சொல்கிறதா?

அன்றிலிருந்து அவன் ஆளே மாறிப்போனான். விரல் நுனியில் நடந்தான். இருமல் வந்தால் தெருமுனை வரை போய் இருமிவிட்டு வந்தான். அக்காவின் போனைப் படிக்கட்டில் உட்கார்ந்து, ரகசியம் பேசுவது போலப் பேசினான். அக்கா பயந்துபோய், "டேய், யார்கிட்டயாவது மாட்டிக்கிட்டியா? ஆமான்னா ஒரு தடவை இருமு," என்றாள்.

பழக்கம் வேலையிலும் தொற்றிக்கொண்டது. ஒரு காலை, ஒலிபெருக்கியில் அவன் குரல் தாலாட்டுப் போல வந்தது. பயணிகள் ஒருவரையொருவர் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே தவறான நடைமேடையில் நின்றார்கள். ஒரு குடும்பம் மொத்தமும் வடக்கே போகிற வண்டிக்குப் பதில் தெற்கே போகிற வண்டியில் ஏறிவிட்டது. நிலைய மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யோவ்! நீ பண்றது அறிவிப்பா, ரகசியமா?"

"சார், ரூம்ல ஒருத்தர் தூங்கறார் சார்."

"எந்த ரூம்ல?"

"எங்க வீட்ல சார்."

மேலாளர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "ஒரு நாள் லீவு எடுத்துக்க. போய் நிம்மதியா இரு," என்றார்.

லீவு நாளில் மைக் கூடத்தில் உட்கார்ந்தான். அவன் அந்த வீட்டில் ஒரு முழுப் பகலை வாய் திறக்காமல் கழித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஏதேதோ கேட்கத் தொடங்கியது. ஜன்னல் விளிம்பில் புறா நடக்கிற ஓசை. அதன் நகம் தகரத்தில் படுகிறபோது ஒரு சிறிய கிறுக்கல். சுவருக்குள் குழாய் வழியாகத் தண்ணீர் மாடிக்கு ஏறிப்போகிற ஓசை, யாரோ ஒரு நீண்ட கதையை முணுமுணுப்பது போல. வெயில் நகர நகர மர நாற்காலி மெல்ல நெட்டி முறித்தது. தூரத்தில், மிகத் தூரத்தில், அவன் அறிவிக்காத ஒரு வண்டி தானாகவே வந்து, தானாகவே புறப்பட்டுப் போயிற்று.

இத்தனை வருஷமும் இவையெல்லாம் இங்கேயேதான் இருந்தனவா? அவன் குரல் ஒன்றே இத்தனையையும் மூடிக்கொண்டிருந்ததா? மைக்குக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய ஒன்றை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கற்றுக்கொடுத்துவிட்டாரே அந்த மனிதர்! மூடிய கதவை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே அமைதி ஒரு பெரிய ஏரியைப் போலப் பரந்து கிடந்தது. அதன் கரையில் உட்கார இடம் கிடைத்ததே பாக்கியம் என்று இருந்தது அவனுக்கு.

மாலையில் வாசல் மணி அடித்தது. மணி சத்தம் இரண்டாவது தடவை வருவதற்குள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வீட்டுக்காரம்மா நின்றார். கூடவே ஒரு இளம்பெண், ஒல்லியாக, எங்கோ பார்த்த ஜாடையில்.

"இந்தப் பொண்ணு லேப்காரரோட தங்கச்சியாம்," என்றார் வீட்டுக்காரம்மா.

"அண்ணன் பெட்டியை எடுத்துட்டு வரச்சொன்னாரு சார்," என்றாள் அந்தப் பெண். "ஆஸ்பத்திரியிலயே தங்கறதுக்கு ரூம் குடுத்திருக்காங்க."

மைக் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"போறாரா?" என்றான். குரல் இலை விழுவது போல இருந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சா தம்பி?" என்று கவலையாகக் கேட்டார் வீட்டுக்காரம்மா.

"இல்லம்மா. இப்பல்லாம் இப்படித்தான் பேசறேன்." அவன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான். "தப்பெல்லாம் என் மேலதாம்மா. பாத்திரத்தைப் போட்டேன். தீ வெச்சேன். கட்டில்லேர்ந்து விழுந்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா திருத்திக்கிட்டிருப்பேன். இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிட்டு வர்றேன். இன்னும் ஒரே ஒரு மாசம் இருந்து பார்க்கச் சொல்லும்மா."

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் மறுபடி அவனைப் பார்த்தாள்.

வீட்டுக்காரம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. "நீ ஏன் தம்பி கலங்கறே? அவர் போனா போகட்டும். உன்னை நான் அனுப்பப் போறதில்ல. தீ வெச்சே, விழுந்தே, அதெல்லாம் ஆரம்பத்துல. இப்ப இந்த வீட்ல ஆள் இருக்கறதே தெரியல. உன்னை மாதிரி ஒருத்தர்கூடத் தங்க யாருக்குக் குடுத்து வெச்சிருக்கு?"

"எல்லாம் அவரால வந்ததும்மா," என்றான் மைக். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டியூட்டிக்கு இன்னும் கிளம்பல, உள்ளதான் தூங்கறார். எழுப்ப வேண்டாம். முழிக்கட்டும், அப்புறம் பெட்டியை எடுத்துக்கலாம். அதுவரைக்கும் இப்படி உட்காரும்மா, சத்தம் போடாம."

"யாரு தூங்கறாங்க?" என்றாள் அந்தப் பெண். "அண்ணன் அன்னிக்குப் பெட்டியை வெச்சிட்டு டியூட்டிக்குப் போனாரே, அன்னிக்கே அங்க ரூம் கிடைச்சிடுச்சு சார், இந்த வீட்ல அவர் ஒரு நாள்கூடத் தூங்கினதில்லையே!"