மீசை குறித்த மறுப்பு அறிக்கை

போலியோ சொட்டு மருந்து குடித்த ஆண் குழந்தைக்குப் பிற்காலத்தில் மீசை முளைக்காது என்ற செய்தி, 1996 கடைசியில், காரைக்குடிக்குத் தெற்கே வேலங்காட்டுப்பட்டிக்கு ஜெராக்ஸ் தாளாக வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் படிப்பவர் இருபத்தைந்து பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காத ஒருவரின் மீசை தூக்கத்திலேயே உதிர்ந்துவிட்டது என்றும் இருந்தது. இவ்வளவு பொறுப்போடு எழுதிய தாளை எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகிப்பதில்லை.

நான் அந்த வட்டாரச் சுகாதார அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பெயர் ஜோசப் ராஜ். கிராம நர்ஸ் மரிய அனிதா வேர்க்க விறுவிறுக்க வந்து அதிகாரி நாகநாதன் முன்னால் நின்றது நினைவிருக்கிறது.

"சார், ஊருல ஐஞ்சு வயசுக்குக் கீழ எம்பத்தேழு புள்ளைக. ஒருத்தரும் சொட்டு மருந்து தரவிடமாட்டேங்குறாக. பாண்டீஸ்வரின்னு ஒரு பொண்ணு, கையில எட்டு மாசப் பய. இதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகல. போன வருசம் பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கால் இழுத்துக்கிச்சு, பார்த்துப் பயந்து கெடக்கா. புருசன் விடமாட்டேங்குறான்."

அதிகாரி ஆழ்ந்து சிந்தித்தார். "மறுப்பு வெளியிடுவோம்."

மறுப்புக்கு விதி உண்டு. எதை மறுக்கிறோமோ அதை முழுமையாக எடுத்துக்காட்டிய பிறகே மறுக்க வேண்டும். அப்படியே டைப் அடித்தேன். மீசை விவகாரத்திலேயே முன்பக்கம் நிரம்பிவிட்டது. மறுப்பு பின்பக்கம் போனது. ஆனால் ஒரு பக்கம் அச்சிடத்தான் அனுமதி இருந்தது.

"பின்பக்கத்துக்குத் தனியா சிவகங்கை மாவட்ட ஆபீசுக்கு எழுதுங்க. முன்பக்கம் தயாராத்தான இருக்கு? அதை ஏன் நிறுத்தணும்?" என்றார் அதிகாரி.

அரசு முத்திரையோடு ஐயாயிரம் தாள் போனது. அதுவரை ஒன்றும் அறியாதிருந்த பதினோரு கிராமங்கள் விழிப்புணர்வு பெற்றன. கவர்மெண்டே ஒத்துக்கிருச்சு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஊராட்சித் தலைவர் இடைத்தேர்தலில் நின்ற காளிராஜுக்கு அதுவரை கொள்கை எதுவும் கிடையாது. மீசை மட்டும் இருந்தது. அன்று முதல் அவரது ஆட்டோவில் மைக் அலறியது. "நம்ம மீசையில கைவைக்க டில்லிக்காரன் யாரு?" இரண்டு வயது மகனுக்கு மையால் மீசை வரைந்து மேடையில் தூக்கிக் காட்டினார். உள்ளூர் கேபிள்காரர் அந்தப் பேச்சை சினிமாவுக்குக் கீழே மூன்று நாள் ஓடவிட்டார்.

"உண்மை எடுபடல. இனி மக்கள் பாஷையில பேசுவோம்," என்ற அதிகாரி, எனக்குச் சொல்லச் சொல்ல ஒரு தாள் அடிக்க வைத்தார். இந்தச் சொட்டு மருந்தால் மீசை அடர்த்தியாக வளரும். இருபத்தைந்து பிரதி எடுக்கவும்.

"சார், இது பொய்யில்லையா?"

"இத்தனை பேரு நம்பப்போறது எப்படிய்யா பொய்யாகும்?"

மரிய அனிதாதான் கேட்டார். "இதை நம்பி யாரு வரப்போறாகன்னு யோசிச்சீகளா சார்?"

"கூட்டம் வருதா இல்லையா, அதைப் பாருங்கம்மா."

கூட்டம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் முகாம் திறக்குமுன்பே வரிசை கண்மாய்க்கரை வரை போய்விட்டது. முதல் ஆள் காளிராஜ்.

"ஐஞ்சு வயசுக்குள்ளதாண்ணே," என்றார் நர்ஸ்.

"நான் மீசை வச்சே நாலு வருசந்தான் ஆச்சு, ஊத்துங்க நர்சம்மா."

வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதிகாரியின் எழுத்துப்பூர்வ உத்தரவு. இருந்ததோ நூறு பேருக்கான மருந்து. அனிதா கூட்டத்துக்குள் புகுந்து, தாய்மாரை இழுத்து இழுத்து நாற்பது குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டார். மற்றதெல்லாம் மீசைகளுக்குப் போனது.

என் மீசை கொஞ்சம் மெலிசு. அந்தத் தாள் பொய் என்று எனக்குத் தெரியும்; அடித்ததே என் கை. இருந்தாலும் இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, அதிலும் ஏதாவது இருக்குமோ என்று தோன்றிவிட்டது. நர்ஸ் அங்குட்டுத் திரும்பிய நேரம் குப்பியைக் கவிழ்த்து நாக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். லேசாகக் கசந்தது.

அப்போதுதான் மிளகாய்க் காட்டு வேலையிலிருந்து பாண்டீஸ்வரி பிள்ளையோடு ஓடி வந்தாள். "நர்சம்மா, இவுக அப்பாவே வரிசையில நின்னு குடிச்சிட்டாக. இனி என்னைய எதுவும் சொல்ல முடியாது. ஊத்துங்க." பயல் வாயைத் திறந்து காட்டினான். அனிதா குப்பியைக் கவிழ்த்தார், தட்டினார், குலுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"அடுத்த மாசம் ரெண்டாஞ் சுத்து வருதுத்தா. மொத ஆளா உனக்குத்தான்."

அலுவலகப் படிவத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்ற ஒரே பட்டியல்தான் உண்டு. ஆகவே குடித்த நூறு பேரையும் அதற்குட்படுத்தினோம். காளிராஜ், வயது நான்கு. கடைசிப் பெயர் ஜோசப் ராஜ், வயது மூன்று. இலக்கு எண்பத்தேழு, சாதனை நூறு, விடுபட்டவர்கள் இல்லை. மேலிடத்திலிருந்து ஒரே வாரத்தில் பாராட்டு வந்தது. இலக்கைத் தாண்டிய ஊர்களுக்கு இரண்டாம் சுற்று தேவையில்லை என்ற உத்தரவும் கூடவே வந்தது.

"ஒரே ஒரு புள்ளைக்காவது குடுங்க சார்," என்று அனிதா அழாத குறையாகக் கேட்டார்.

"விடுபட்டவர்கள் இல்லைன்னு எழுதின பிறகு ஒருத்தரை எப்படிம்மா காட்டுறது?" என்றார் அதிகாரி.

ஜனவரியில் பாண்டீஸ்வரி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மருந்து வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னைக்கு அந்தக் கடைசி ரெண்டு சொட்டு யாரு குடிச்சாக சார்? பெரியவுகளா?"

ரெஜிஸ்டரைத் திறந்து கடைசி வரியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மூணு வயசுப் பயலா? அப்பச் சரி சார். அந்தப் புள்ளை காலாவது நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போனாள்.